‘வர்றேன்’ என்று சொல்லிப் போகிறவர்கள்: முரண் பற்றிச் சில குறிப்புகள்

எங்கள் அப்பாவுக்கு இரண்டு அண்ணன்கள். மூத்தவர் எங்களுக்குப் பெரிய பெரியப்பா, அடுத்தவர் சின்னப் பெரியப்பா. ‘சின்னப் பெரியப்பா வந்திருக்கார், காப்பி போடு’ என்று அம்மா சொல்லும்போது அதில் ஒரு முரண் இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. ஒரே ஆளைச் சின்னவர் என்றும் பெரியவர் என்றும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். நல்ல பாம்பும் அப்படித்தான். கடித்தால் ஆளைக் கொல்லும், பெயர் நல்லது. பயத்தில் வைத்த பெயர் என்பார்கள். தோட்டத்தில் அதைப் பார்த்துக் கத்துகிறவன் அந்த ‘நல்ல’வை யோசித்துப் பார்ப்பதில்லை.

தமிழ் முதுகலை படிக்கும் பெண் ஒருத்தி சென்ற மாதம் ஒரு கேள்வி கேட்டாள். ‘சார், ஆக்ஸிமோரான்ங்கிறதுக்கு முரண்தொடைன்னு எழுதலாமா? கைடுல அப்படித்தான் போட்டிருக்கு.’ எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏன் கூடாது என்று விளக்கப் போனபோதுதான் எனக்கே அது சரியாகத் தெரியவில்லை என்பது தெரிந்தது. அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முரண் என்பது தொல்காப்பியச் செய்யுளியலில் மோனை, எதுகை, இயைபு ஆகியவற்றோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தொடை. சொல்லாலோ பொருளாலோ ஒன்றுக்கொன்று மாறுபட்டவை செய்யுளில் எதிரெதிரே வந்து நிற்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. யாப்பருங்கலக் காரிகைக்கு வந்தால் கணக்கு இன்னும் நுணுக்கமாகிறது. முதல் சீரிலும் இரண்டாம் சீரிலும் முரண் வந்தால் இணை முரண். முதலிலும் மூன்றிலும் வந்தால் பொழிப்பு. முதலிலும் நான்கிலும் வந்தால் ஒரூஉ. இதெல்லாம் எந்த இடத்தில் என்ன வருகிறது என்ற கணக்கு. ஓர் அடி கருங்காக்கையில் தொடங்கி அடுத்த அடி வெண்கொக்கில் தொடங்கினால் முரண்தொடை ஆகிவிடும். ஆனால் அங்கே உண்மையில் எந்தச் சண்டையும் இல்லை. காக்கை கருப்பு, கொக்கு வெள்ளை, இரண்டும் உண்மை, இரண்டும் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டு பறக்கின்றன. காதுக்கும் கண்ணுக்கும் ஓர் எதிர் எடுப்பு கிடைக்கிறது. அது அழகுதான், குறை சொல்லவில்லை.

ஆக்ஸிமோரான் வேறு சாதி. கிரேக்கத்தில் ‘கூர்மை’ என்ற சொல்லும் ‘மழுங்கல்’ என்ற சொல்லும் ஒட்டிப் பிறந்த பெயர் அது. பெயரே தனக்கு உதாரணமாக நிற்கிறது. இங்கே காக்கையும் கொக்கும் வேண்டாம், ஒரே பறவை போதும். ஒரே பொருள்மேல் ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு சொற்கள் ஏறி உட்காரவேண்டும். தண்டியலங்காரத்தின் விரோத அணி இதற்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வருகிறது. முரண்தொடர் என்று சிலர் எழுதுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பெயர் வைப்பது சுலபம். ஒரு முரண்தொடர் எப்போது உயிரோடு இருக்கிறது, எப்போது வெறும் சோடனை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புதுக்கவிதைத் தொகுப்புகளைப் புரட்டினால் மௌனத்தின் இரைச்சல், சுகமான வலி, வெளிச்சமான இருட்டு என்று பத்துப் பக்கத்துக்கு ஒன்று கிடைக்கும். முதல் தடவை ஒரு சின்ன மின்சாரம் பாயும், நாலாவது தடவை கொட்டாவி வரும். பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த மாதிரித் தொடர்கள் நிறைந்த ஒரு தொகுப்பை நான் வானளாவப் புகழ்ந்து எழுதியிருக்கிறேன். சமீபத்தில் அதை மறுபடி எடுத்து வாசித்தேன். கவிதைகளைவிட என் கட்டுரையை வாசிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது நான் செய்துபார்ப்பது ஓர் எளிய சோதனை. முரணை நேராக்கிப் பார்ப்பேன். ‘சுகமான வலி’ என்றால் என்ன? ‘வலிதான், ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது’. சரி, நேராக்கியாயிற்று. ஏதாவது மிச்சமிருக்கிறதா? ஒன்றுமில்லை. அப்படியென்றால் அது விடுகதை, விடை தெரிந்ததும் தூக்கிப்போட்டுவிடலாம். நேராக்கிய பிறகும் கையில் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கவேண்டும்: சொல்கிற ஆளால் இதை நேராகச் சொல்லியிருக்க முடியுமா? முடியாது என்றால், ஏன் முடியாது?

கயமை அதிகாரத்தில் கயவர்களைத் தேவர்களுக்கு ஒப்பாகச் சொல்லும் குறளை (1073) எடுத்துக்கொள்வோம். இருவருமே தம் விருப்பப்படி நடப்பவர்கள், அதனால் ஒப்பு. பள்ளிக்கூடத்தில் இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. தண்டி, புகழ்வதுபோலப் பழிப்பதை இலேச அணியை ஒட்டிச் சொல்லும். நேராக்கினால் ‘கயவர்களுக்குக் கடிவாளம் இல்லை’ என்று வருகிறது. ஆனால் ஒரு மிச்சம் இருக்கிறது. கயவரைத் தேவரோடு வைத்த தராசில் தேவரும் கயவரோடு உட்கார்ந்துவிட்டார்கள்! கேட்க ஆளில்லாமல் நினைத்ததைச் செய்வதுதான் தேவலோகத்து வாழ்க்கை என்றால் அது எப்படிப்பட்ட வாழ்க்கை? வள்ளுவர் அதைக் கேட்கவில்லை. கேட்க வைத்துவிட்டுப் போய்விட்டார். தேர்வுத் தாளில் வஞ்சப்புகழ்ச்சி என்று எழுதி முடித்த மாணவனுக்கு இந்த மிச்சம் கிடைக்காமலே போகிறது. அணியின் பெயர் தெரிந்ததும் வாசிப்பு நின்றுவிடுகிறது. என் வருத்தமெல்லாம் இதுதான்.

காமத்துப்பாலில் இரண்டு குறள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தபோதுதான் இந்தச் சோதனை எனக்கே பிடிபட்டது. அதற்கு முன்னால் வீட்டு வாசலில் நடக்கும் ஒரு விஷயம்.

நம் ஊரில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. சொன்னால் வீட்டில் பெரியவர்கள் அதட்டுவார்கள். ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லவேண்டும். அவசரத்தில் ‘போயிட்டு’ விழுந்துவிடும். ‘அப்ப வர்றேன்’ என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவார்கள். முதுகு காட்டிப் போகிற ஆள் வருகிறேன் என்கிறார், நிற்கிறவர் ‘வாங்க’ என்கிறார். வெளியூர் ஆள் பார்த்தால் இரண்டு பேருக்கும் திசை குழம்பிவிட்டது என்றுதான் நினைப்பான். தினமும் நூறு தடவை சொல்லித் தேய்ந்துபோன இந்த முரண் செத்துவிட்டதா என்றால், இல்லை. துக்க வீட்டில் அது தெரியும். அங்கே யாரும் ‘வர்றேன்’ சொல்வதில்லை. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடவேண்டும். இப்படி ஒரு காரியத்துக்காக மறுபடி இந்த வீட்டுக்கு வரும்படி ஆகக்கூடாது. சாதாரண நாளில் காதில்கூட விழாத அந்தச் சொல்லின் பொருள் அன்றைக்கு மட்டும் முழு எடையோடு தொண்டையில் நிற்கிறது. சின்னப் பெரியப்பா போனபோது வாசல் வரை வந்து, பழக்க தோஷத்தில் வாய் திறந்து, பாதியில் மூடிக்கொண்டேன்.

பிரிவாற்றாமை அதிகாரத்தின் முதல் குறள் (1151) இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. தலைவன் பொருள் தேடிப் போகிறான், சீக்கிரம் வந்துவிடுவேன் என்கிறான். அதற்குக் கிடைக்கும் பதில்: போகவில்லை என்றால் அதை எனக்குச் சொல், சீக்கிரம் வருவதைப் பற்றி, நீ வரும்போது உயிரோடு இருக்கப்போகிறவர்களிடம் சொல். பரிமேலழகர் இதைத் தோழி கூற்றாகக் கொள்கிறார். தலைவி கூற்றாகக் கொள்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. யார் சொன்னாலும் காரியம் ஒன்றே. ‘போய் வருகிறேன்’ என்ற ஒட்டுச்சொல்லை நடுவில் பிளந்து, போவதைத் தனியாகவும் வருவதைத் தனியாகவும் அவன் கையில் கொடுத்துவிடுகிறாள். வள்ளுவர் காலத்தில் இன்றைக்குப் போல விடைபெற்றார்கள் என்பதல்ல என் வாதம். போகிறவன் வருவதைப் பற்றிப் பேசித்தான் போகமுடியும் என்ற சங்கடம் இரண்டுக்கும் பொது. அதைத்தான் சொல்கிறேன்.

இனி அந்த இரண்டு குறள்கள். ஒன்று புணர்ச்சி மகிழ்தலில் வருவது (1104). ஒரு தீ, விலகினால் சுடுகிறது, கிட்டப் போனால் குளிர்கிறது, இதை இவள் எங்கே வாங்கினாள் என்று தலைவன் கேட்கிறான். முரண் அணிக்கு மேடைகளில் அதிகம் ஓடும் உதாரணம் இதுவாகத்தான் இருக்கும். பட்டிமன்றப் பேச்சாளர்கள் இதைச் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்கு ஒரு நொடி நிறுத்துவார்கள். எனக்கும் ரொம்ப நாள் இது வெறும் சாமர்த்தியமாகத்தான் பட்டது. நேராக்கினால் ‘பிரிந்தால் துன்பம், சேர்ந்தால் இன்பம்’. இதைச் சொல்லத் திருவள்ளுவர் எதற்கு?

ஆனால் அந்தக் குறள் ஒரு கேள்வி. காதல் இப்படிப்பட்ட தீ என்று அறிவித்திருந்தால் அது வரையறையாகிவிடும், விடுகதையும் விடையும் ஒரே வரியில் முடிந்துவிடும். இவன் கேட்பது அப்படியல்ல. அப்படி ஒரு தீ இருப்பதில் இவனுக்குச் சந்தேகமே இல்லை. கையில் பட்டுப் பார்த்தவன் கேட்கிற மாதிரி, எந்தச் சந்தையில் கிடைத்தது என்று விசாரிக்கிறான். முரணை நம்பிவிட்டவனின் கேள்வி. அதைவிட முக்கியம், இவன் இப்போது அவள் பக்கத்தில் இருக்கிறான். அதிகாரத்தின் பெயரே புணர்ச்சியில் மகிழ்வது. குளிர்ச்சியில் உட்கார்ந்திருக்கிறவன் வாயில் முதலில் வருவது விலகினால் சுடும் என்பது. சேர்க்கையின் நடுவில் பிரிவைத்தான் முதலில் எண்ணுகிறான்.

இரண்டாவது குறள் பிரிவாற்றாமையில் இருக்கிறது (1159). இப்போது பேசுவது தலைவி. தீ தொட்டால்தான் சுடும், காமநோயைப் போல விட்டு விலகினாலும் சுட அதனால் முடியுமா என்கிறாள். அதே தீ. அதே நூலில் ஐந்து அதிகாரம் தள்ளி அவள் கைக்கு வந்திருக்கிறது. உரைநூல்களில் இரண்டுக்கும் பொருள் எழுதியிருப்பார்கள், கருத்து ஒன்று என்று குறிப்பும் இருக்கலாம். கருத்து ஒன்றல்ல. தலைவன் சொன்ன தீக்கு இரண்டு பாதி இருந்தது, சுடுவது ஒன்று, குளிர்வது ஒன்று. தலைவியின் தீயில் குளிர்கிற பாதியைக் காணோம். சுடுகிற பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, உலகத்துத் தீயோடு ஒப்பிட்டுப் பார்த்து, உலகத்துத் தீயே பரவாயில்லை என்று முடிவுக்கு வருகிறாள். அவன் ‘இவள் எங்கே பெற்றாள்’ என்று வியந்தது அவள் வைத்திருந்த தீயை. இப்போது அது யாரைச் சுடுகிறது என்று பாருங்கள்.

முரணின் ஒரு பாதியைத் தொலைப்பதுதான் பிரிவு என்று இதை நான் வாசிக்கிறேன். 1104இல் முரண் முழுசாக இருப்பது இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருப்பதால். அவன் கிளம்பியதும் முரணும் உடைந்துவிட்டது, மிஞ்சியது வெறும் சூடு. இப்படிப் பார்த்தால் அந்த அணி குறளுக்குப் போட்ட நகை இல்லை. அந்த இருவரின் நிலைமையே அது. வள்ளுவர் இதைத் திட்டமிட்டே இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்தாரா என்று கேட்டால் வாதாடமாட்டேன். வைத்திருக்கிறது, வாசிக்கக் கிடைக்கிறது, அது போதும்.

நம்மாழ்வாரை ஒரு வரியில் தாண்டிப் போவது அநியாயம், இருந்தாலும் ஒன்று மட்டும். திருவாய்மொழி ஆறாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் திருவிண்ணகர்ப் பெருமானை வறுமையும் செல்வமும், நரகமும் சொர்க்கமும், பகையும் நட்பும், விஷமும் அமுதமும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அந்த ஜோடிகளை யார் வேண்டுமானாலும் அடுக்கலாம், அவை காக்கையும் கொக்கும்தான். எடையெல்லாம் கடைசியில் வரும் ‘ஆய்’ என்ற குட்டிச் சொல்லில் இருக்கிறது. ‘உம்’ பக்கத்தில் பக்கத்தில் வைப்பதோடு சரி, ‘ஆய்’ ஒன்றாக்கிவிடுகிறது. வேண்டாத பாதியைக் கழித்துவிட்டுக் கும்பிட அது வழி விடுவதில்லை.

நேராகச் சொல்ல முடியாத இடம் என்று சொன்னேன் இல்லையா, அதற்குப் புறநானூற்று 95ஆம் பாட்டு. அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். என்னோடு மோதினால் என்ன ஆகும் என்று சொல்லாமல் சொல்கிற காட்சி. ஔவை பார்த்துவிட்டுப் பேசுகிறார். இங்கே இருப்பவை பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் உள்ள பெரிய மனையில் இருக்கின்றன. அங்கே இருப்பவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து எப்போதும் கொல்லனின் சின்னப் பட்டறையில்தான் கிடக்கின்றன. இந்தப் பாட்டுக்குத் துறை வாள்மங்கலம், அதாவது வாளைப் புகழ்வது. எந்த வாளை?

உங்கள் ஆயுதம் போர் பார்க்காதது, எங்களுடையது பார்த்தது என்று நேராக்கிவிடலாம். வகுப்பில் இங்கே நிறுத்திவிடுவோம். ஆனால் பாட்டு இங்கே நிற்கவில்லை. அதியமான் இருந்தால் கொடுப்பான், இல்லாவிட்டால் இருப்பதைச் சேர்ந்து உண்பான், இல்லாதவர்களின் சுற்றத்துக்குத் தலைவன் என்று போகிறது. ஆயுதக் கிடங்கில் நின்றுகொண்டு சோற்றைப் பற்றி எதற்குப் பேச்சு? நேராக்கிய பொருளுக்கு இது தேவையே இல்லை. மிச்சம் இதுதான். தொண்டைமானிடம் எல்லாம் நிறைவாக, பளபளப்பாக இருக்கிறது. அதியமானிடம் எல்லாம் தீர்ந்துபோய்க்கொண்டே இருக்கிறது, வேலின் முனையும் தீர்கிறது, சோறும் தீர்கிறது. தீர்ந்துபோவதுதான் அங்கே பலம். ஆயுதத்தைக் கொடையோடு ஒரே கணக்கில் வைத்துவிட்டார் ஔவை. இதை எதிரி அரண்மனையில், எதிரி முகத்தைப் பார்த்து, ஒரு தூதராக நேராகச் சொல்ல முடியாது. அவன் கோபப்பட ஒரு சொல்கூட அதில் இல்லை. கோபப்பட்டால், புரிந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டதாகும்.

புதுமைப்பித்தன் இதே வேலையை ஒரு தலைப்பில் செய்தார். ‘பொன்னகரம்’ 1934இல் மணிக்கொடியில் வந்தது, மூன்று நான்கு பக்கக் கதை. பொன்னகரம் என்றால் இந்திரனின் ஊர். கதை நடப்பதோ சாக்கடையும் இருட்டுச் சந்தும் உள்ள பட்டணத்து மூலை. பௌராணிகர்கள் கண்ட பொன்னகரத்தைத் தேடி வந்தால் ஏமாந்துபோவீர்கள் என்பதுபோல ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். ஆகவே தலைப்பின் முரண் முதல் பத்தியிலேயே நேராகிவிடுகிறது. அதோடு முடிந்திருந்தால் அது பத்திரிகைக் கிண்டல்.

கதைக்குள் இன்னொரு முரண் இருக்கிறது. முருகேசன் ஜட்கா வண்டிக்காரன், அடிபட்டுக் கிடக்கிறான். பெண்டாட்டி அம்மாளு மில் கூலி. பால் கஞ்சி வேண்டும் என்கிறான், வீட்டில் காசில்லை. தண்ணீர் எடுக்கப் போகிறவள் இருட்டில் ஒருவனோடு ஒதுங்கி முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்கத்தான் என்று கதை சொல்கிறது. பதிவிரதைக் கதைகள் முழுக்கப் புருஷனுக்காக எதையும் செய்யும் பெண்களால் ஆனவை. இவளும் புருஷனுக்காகத்தான் செய்தாள். பதிவிரதை செய்யவேண்டியதைச் செய்ததால் பதிவிரதை இல்லாமல் போனாள். இதை எந்தப் பக்கம் நேராக்குவது? கற்பு போய்விட்டது என்றால் கஞ்சி இடிக்கிறது, கற்பு போகவில்லை என்றால் சந்து இடிக்கிறது.

இதற்கு மேல் புதுமைப்பித்தன் ஒரு வரி எழுதினார். கற்பு பேசும் வாசகர்களை நேராகக் கூப்பிட்டு, இதுதான் அந்தப் பொன்னகரம் என்று முகத்தில் அடிக்கிற கடைசி வரி. கதையைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அது கதையின் பலவீனமான வரி. பால் கஞ்சியோடு நின்றிருந்தால் முரண் வாசகன் கையில் சூடாக இருந்திருக்கும். கடைசி வரி அதைப் பிடுங்கி விளக்கிக் கொடுக்கிறது. ஔவை விளக்கவில்லை, விளக்கியிருந்தால் தூது முடிந்திருக்கும்.

இப்படி அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ‘ஔவையாருக்கு முன்னாடி ஒரே ஒரு தொண்டைமான் சார், அவனுக்குப் புரியும். இவருக்கு முன்னாடி எத்தனை பேரு? அதுல எத்தனை பேரு பால் கஞ்சியோட நிறுத்திட்டு, ஐயோ பாவம்னு புரட்டிட்டுப் போயிருப்பாங்க?’ என்றாள். நான் யோசிக்காத பக்கம். கதையை மறுபடி எடுத்து வாசித்தேன். கடைசி வரி இன்னும் எனக்கு உரத்துதான் கேட்கிறது. ஆனால் அது அம்மாளுவைப் பற்றிய வரி இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அவளைப் பற்றிச் சொல்லவேண்டியதெல்லாம் கஞ்சியோடு முடிந்துவிட்டது. அந்த வரி நாற்காலியில் உட்கார்ந்து கதை படித்துக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்துச் சொன்னது. அவன் இருக்கிற ஊருக்கும் அதே பெயர்தான்.